நான் அனுப்பாத பெயர்

என் அன்பு மதினிக்கு,

உங்கள் இரண்டாவது வருஷத் திதி வருகிறது. போன வருஷம் போலவே பேப்பரில் படம் போட வேண்டும், நாலு வரி எழுதித் தா என்று அண்ணன் கேட்டார். 'கண்ணீருடன்' என்று ஆரம்பிக்கும் அந்த நாலு வரி எனக்கு வரவில்லை. நீங்கள் இருந்திருந்தால் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "இந்தச் சேலையில எடுத்ததையா போட்டீக, வேற நல்லதே இல்லையா?" என்றுதான் கேட்டிருப்பீர்கள். அதனால் கடிதமாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

இறந்தவர்கள் படிப்பார்கள் என்ற நம்பிக்கை எனக்குக் கிடையாது. அது உங்களுக்கும் தெரியும். அக்னி தீர்த்தக் கரையில் அண்ணன் பிண்டம் வைக்கும்போதும் நான் செருப்புகளுக்குக் காவலாகத் தள்ளித்தான் நிற்பேன். ஆனாலும் உங்களிடம் சொல்லாமல் வைத்திருக்க முடியாத ஒரு விஷயம் இருக்கிறது. உங்கள் மகள் நிவேதாவைப் பற்றியது. பாதிக்கு மேல் என்னைப் பற்றியது.

நம்மைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ராமேஸ்வரத்தில் யாத்திரை வருகிறவர்கள் தங்கும் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையைப் பார்த்துக்கொண்டவர். நான் ராமநாதபுரத்துக்கு வெளியே, கருவேலங்காட்டுக்கு நடுவில் நிற்கும் ஓர் இன்ஜினியரிங் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறவள். பாடத்தோடு கேம்பஸ் இன்டர்வியூ பொறுப்பும் என்னிடம்தான். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் எந்தக் கம்பெனி வந்தாலும் ரயிலடியில் போய் அழைப்பதும், யார் யார் இன்டர்வியூவில் உட்காரலாம் என்று பெயர் அனுப்புவதும் என் வேலை.

இவ்வளவு தூரம் அவர்கள் ஏன் வருகிறார்கள் என்பது ஊருக்கே தெரிந்த ரகசியம். இன்டர்வியூவை முடித்துக்கொண்டு கோயிலில் தீர்த்தமாடி, தனுஷ்கோடி வரைக்கும் காரில் போய்வரலாம். அந்த ஏற்பாட்டையும் நாங்களே செய்து கொடுப்போம். ரூம் உங்கள் லாட்ஜில். ஒருமுறை ஒரு பெரிய அதிகாரியை அங்கே இறக்கிவிட்டு வந்த மறுநாள் நீங்கள் போன் பண்ணினீர்கள்.

"ஏத்தா புரபசரு, ஒங்க கம்பெனிக்காரரு வந்ததும் வராததுமா என்ன கேட்டாரு தெரியுமா? ஈரத்துணிய எங்கன காயப்போடன்னு. இவரப் பாத்தா ஒங்க பிள்ளைக நடுங்குதுக?"

நான் சிரிக்காமல், "அவர் பெரிய பதவியில இருக்கிறவர் மதினி" என்றேன்.

"இருக்கட்டும். எங்கிட்ட சாவி வாங்குறப்ப எல்லாரும் ஒண்ணுதான்" என்றீர்கள்.

வடக்கத்திக்காரர்களிடம் நீங்கள் பேசும் இந்தியைக் கேட்டு நான் பலமுறை முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறேன். "கமரா ஹை, ஏசி நஹி ஹை, ஹவா முஃப்த் ஹை." ரூம் இருக்கு, ஏசி இல்லை, காற்று இலவசம். அவர்களும் சிரித்துக்கொண்டே ரூம் எடுத்துக்கொள்வார்கள். எனக்கு அந்தத் தைரியம் ஒருநாளும் வந்ததில்லை. நான் எதையும் விதிப்படி செய்கிறவள் என்று பெயர் வாங்கியவள். அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்வதில் எனக்கு ஆசை இருந்தது என்பது இப்போதுதான் தெரிகிறது.

மதுரை ஆஸ்பத்திரியில் நீங்கள் படுத்திருந்தபோது டாக்டர்கள் எங்களிடம் சொன்னதை உங்களிடம் யாரும் சொல்லவில்லை. ஆனாலும் உங்களுக்குத் தெரிந்திருந்தது. "ஆடி அமாவாசை முடியட்டும், அப்பறம் சாவுறேன். லாட்ஜ்ல இப்ப ஆள் பத்தாது" என்றீர்கள். அண்ணன் வெளியே போய் அழுதார். சொன்ன மாதிரியே அமாவாசை கழித்துத்தான் போனீர்கள். அதற்கு முந்தின வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு நிவேதாவைப் பற்றிச் சொன்னீர்கள்.

"அவளுக்கு நீ வேல வாங்கித் தர வேணாம்த்தா. அவளே வாங்குவா. என்னய மாதிரி அந்தச் சாவி மேசையில அவ உக்காரக் கூடாது, அம்புட்டுத்தான்."

"காலேஜ்ல அவ எனக்கு ஸ்டூடன்ட் மதினி. மத்தவங்களுக்கு என்னவோ அதான் அவளுக்கும்."

"அதுதான் நானும் கேக்குறேன். மத்தவங்களுக்குச் செய்யிறதச் செய்யி."

இதைவிடக் குறைவாக யாராவது கேட்க முடியுமா? அன்றைக்கு நான் அதை ஒரு சின்ன விஷயமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த மாதமே அவளுடைய கடைசி வருஷம் ஆரம்பித்துவிட்டது. முதல் நாளே அவளைக் கூப்பிட்டு, கல்லூரிக்குள் என்னை அத்தை என்று கூப்பிட வேண்டாம் என்று சொன்னேன். முந்தின மூன்று வருஷமும் அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை. இருந்தும் சொன்னேன். அம்மாவைப் பறிகொடுத்து ஒரு மாதம் ஆகாத பிள்ளையிடம் சொன்னேன். "சரிங்க மேடம்" என்றாள்.

முதல் கம்பெனி வந்த அன்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடுகிறது. வெளியே வராண்டாவில் பையன்கள் ஒரே ஒரு ஜோடி கறுப்பு ஷூவை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறார்கள். உள்ளே போனவன் வெளியே வந்ததும் சுவரில் சாய்ந்து ஷூவைக் கழற்ற, அடுத்தவன் காலை நுழைக்கிறான். "எலே, ஒன் காலு என்ன பாம்பன் பாலமாடா, இம்புட்டு நீளம்?" என்று ஒருவன் கேட்க, காத்திருந்த அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பொண்ணுகள் துப்பட்டாவை இரண்டு பக்கமும் பின் குத்திக்கொண்டு, தங்களைப் பற்றி இங்கிலீஷில் சொல்ல வேண்டிய வரிகளை முணுமுணுத்துக்கொண்டு நின்றார்கள். நிவேதா மட்டும் முணுமுணுக்கவில்லை. ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுத்துத் தேர்வில் முதல் ஆளாக வந்தவள், இன்டர்வியூவிலும் தேறினாள். சாயங்காலம் பெயர்களை வாசித்தபோது அவள் பெயர் வந்ததும் என்னைத்தான் பார்த்தாள் என்று நினைக்கிறேன். நான் கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்ற பிள்ளைகள் எல்லாருக்கும் கை கொடுத்தேன். அவளுக்குக் கொடுத்தேனா என்று யோசித்துப் பார்க்கிறேன், நினைவில் இல்லை.

இனி நான் சொல்ல வந்தது.

எங்கள் கல்லூரியில் ஒரு விதி உண்டு, மதினி. ஒருவருக்கு ஒரு வேலை. ஒரு கம்பெனியில் தேர்வானவர் அடுத்த கம்பெனிக்கு உட்காரக் கூடாது, மற்றவர்களுக்கு இடம் விட வேண்டும். அந்த விதியைக் கொண்டுவந்தவளே நான்தான். நல்ல விதி என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அதில் ஒரு விலக்கும் இருக்கிறது. பின்னால் வரும் கம்பெனி முதலில் கிடைத்ததைவிட நன்றாகப் பெரியது என்றால், வேலை கிடைத்தவர்களும் ஒருமுறை முயற்சி செய்யலாம். பிள்ளைகள் அதைக் கனவுக் கம்பெனி என்பார்கள். அப்படி யாரை அனுப்பலாம் என்று முடிவு செய்வது துறையின் பொறுப்பாளர். எங்கள் துறைக்கு அது நான்.

பொங்கல் கழித்து அப்படி ஒரு கம்பெனி வந்தது. விலக்கில் வரக்கூடியவர்கள் எங்கள் துறையில் இரண்டே பேர். ஒருவன் சிக்கல் ஊர்ப் பக்கத்துப் பையன் சதீஷ். இன்னொருத்தி நிவேதா.

அன்று காலையில் ஸ்டாஃப் ரூமில் எங்களோடு வேலை பார்க்கும் ஒரு சார் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, "என்ன மேடம், அத்தை கோட்டாவுல எத்தன பேரு?" என்று கேட்டார். கேலிக்குத்தான் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்புறம் என் அறைக்குப் போய் சதீஷின் பெயரை மட்டும் அனுப்பினேன்.

மத்தியானம் வந்து நின்றாள்.

"மேடம், எம் பேரு போகலையா?"

"ஒனக்குத்தான் ஒண்ணு கெடச்சிருச்சுல்ல."

"சதீசுக்கும் கெடச்சிருக்கு மேடம்."

"அடுத்தவங்களுக்கும் வாய்ப்பு வேணும்ல நிவேதா. ரூல்னா ரூல்தான்."

சண்டை போடுவாள் என்று நினைத்தேன். நீங்களாக இருந்தால் என் மேசையில் இருந்த பேனாவைக்கூட விட்டுவைத்திருக்க மாட்டீர்கள். அவள் சரிங்க மேடம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்று சாயங்காலம் எனக்கு என்னைப் பற்றி நல்ல எண்ணமே இருந்தது. சொந்தப் பிள்ளை என்று பார்க்காமல் நடந்துகொண்டேனே என்று. எப்படிப்பட்ட ஆளாக இருந்திருக்கிறேன், பார்த்தீர்களா?

சதீஷுக்கு அந்த வேலை கிடைத்தது. நல்ல பையன், அவன்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஸ்வீட் பெட்டியோடு என் அறைக்கு வந்தான். "நிவேதா வந்திருந்தா அவளுக்கும் கெடச்சிருக்கும் மேடம். அவங்க கேட்டதுல பாதி, அவ எனக்குச் சொல்லிக் குடுத்ததுதான்" என்றான். வெகுளியாகச் சொன்னான். அந்த ஸ்வீட்டை நான் ஆபீஸ் பையனிடம் கொடுத்துவிட்டேன்.

அவன் பெங்களூர் போய் வருஷமாகிறது. நிவேதாவைத் தேர்வு செய்த கம்பெனி இன்னும் அவளைக் கூப்பிடவில்லை. வேலைக்கு எடுத்துக்கொண்டோம் என்ற கடிதம் இருக்கிறது, சேரும் தேதி மட்டும் பிறகு தெரிவிக்கப்படும். கேட்டால் உங்கள் பொறுமைக்கு நன்றி என்று மெயில் வருகிறது. எங்கள் கல்லூரி என்று இல்லை, எல்லா ஊரிலும் பிள்ளைகள் இப்படிக் கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இப்படி ஆகும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். பல நாள் தப்பித்துக்கொண்டும் இருந்தேன்.

மதினி, அவள் இப்போது உங்கள் மேசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

லாட்ஜ்காரர் தற்காலிகமாகத்தான் கேட்டார். வீட்டில் சும்மா இருப்பதற்குப் போகிறேன் என்று அவளும் போனாள். உங்கள் நாற்காலி, உங்களுக்குப் பின்னால் இருந்த அதே சாவிப் பலகை. போன ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது அமாவாசைக்கு ரூம் கேட்டு ஒரே கூட்டம். தங்கச்சிமடத்துப் பெரியவர் ஒருவர், அண்ணனுக்குப் பழக்கமானவர், மேசையில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்: "என்னத்தா, கம்ப்யூட்டர் வேலன்னாக, இங்கன சாவி குடுத்துக்கிட்டு இருக்க?"

"இதுவும் கம்ப்யூட்டர்தான் பெரியப்பா. ஆதார் கார்ட ஸ்கேன் பண்றேன், பாக்கலையா?"

"அதுக்கா நாலு வருசம் படிச்ச?"

"இல்ல பெரியப்பா, ஒங்கள மாதிரி ஆளுகளுக்குப் பதில் சொல்லப் படிச்சேன்."

பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். உங்கள் குரலே வந்த மாதிரி இருந்தது எனக்கு. அவர் போனதும் அவள் முகம் எப்படி ஆனது என்பதையும் நான்தான் பார்த்தேன்.

அவளுக்கும் அண்ணனுக்கும் எல்லாம் தெரியும். அந்த விலக்கு, இரண்டு பெயர், நான் அனுப்பியது ஒன்று, எல்லாமே. சதீஷ் அன்றைக்கே சொல்லியிருக்கிறான். அண்ணன் இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒருநாள் மட்டும் பாம்பன் பக்கம் கரண்ட் கம்ப வேலை முடிந்து வந்து கையைக் கழுவிக்கொண்டே, "ஒனக்கும் நாலு பேரு பேசாம இருக்கணும்ல" என்றார். எனக்காகப் பரிந்து பேசுகிறாராம். அதற்கு அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

இப்போது மறுபடி ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. மதுரையில் ஒரு கல்லூரியில், போன வருஷம் படித்து முடித்தவர்களுக்கென்று தனியாக இன்டர்வியூ நடக்கிறது. தென்மாவட்டம் முழுவதிலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். வருகிறவர்கள் நிறைய, எடுக்கப்போவது கொஞ்சம் பேரைத்தான். அதற்கு ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்கள். வேறு கம்பெனியின் வேலைக் கடிதம் கையில் இருக்கக் கூடாது. இருந்தால் அதை விட்டுவிட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டும், கல்லூரியும் அதை உறுதி சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் நான் பெயர்களை அனுப்ப வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அதைச் சொல்லத்தான் லாட்ஜுக்குப் போனேன். கூட்டம் குறைந்த பிறகு சொன்னேன். நான் சொல்லி முடித்ததும் அவள் என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"விட்டுரவா, வச்சிருக்கவா? நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

அண்ணனும் பக்கத்தில் இருந்தார். "அத்தைக்குத்தான் இதெல்லாம் தெரியும். நீ சொல்லுத்தா" என்றார்.

எனக்குத் தெரியும்தான், மதினி. அந்தக் கம்பெனி இந்த வருஷமும் கூப்பிடாது என்பது என் எண்ணம். வருஷம் போகப் போக, சும்மா இருந்த காலத்துக்குக் காரணம் கேட்பார்கள் என்பதும் தெரியும். ஆனால் விட்ட மறுநாளே கூப்பிட்டுவிட்டால்? மதுரையிலும் கிடைக்காமல் போய்விட்டால்? ஒரு முறை அவள் வாய்ப்பைக் கெடுத்தது போதாது என்று மறுமுறையும் நானே கெடுத்தேன் என்று ஆகிவிடாதா? இவ்வளவும் ஒரே மூச்சில் மனதில் ஓடியது. வாயில் வந்தது வேறு.

"அது ஒன்னோட முடிவு நிவேதா. நான் எதுவும் சொல்ல முடியாது."

அவள் சிரித்தாள். மேசையில் இருந்த ஒரு சாவியை எடுத்துப் பலகையில் மாட்டிக்கொண்டே, "சரிங்க மேடம்" என்றாள்.

அது கல்லூரி இல்லை. உங்கள் லாட்ஜ். பக்கத்தில் அவள் அப்பா நின்றுகொண்டிருந்தார். அவள் வேண்டுமென்றே சொன்னாளா, பழக்கத்தில் வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. எது என்றாலும் அதை அவளுக்குப் பழக்கியது நான்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தேன். பொங்கல் கழித்து நான் பெயரை அனுப்பாதபோதும், ஞாயிற்றுக்கிழமை எதுவும் சொல்ல முடியாது என்று சொன்னபோதும் நான் செய்தது ஒரே காரியம்தான். முதலில் விதிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். இப்போது அவளுடைய சுதந்திரத்துக்குப் பின்னால் நின்றுகொள்கிறேன். இரண்டிலும் என்மேல் ஒரு சொல் வந்துவிடக் கூடாது. இருபது வருஷத்துக்கு மேலாகப் பிள்ளைகளைக் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு அனுப்புகிறேன். எத்தனையோ பேருக்கு இதை எடு, அதை விடு என்று தைரியமாகச் சொல்லியிருக்கிறேன். ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குப் போன மாதம்கூட, இதே மாதிரிக் கடிதத்தை விட்டுவிடு என்று போனில் ஒரு மணி நேரம் எடுத்துச் சொன்னேன். மற்றவர்களுக்குச் செய்கிறதைச் செய் என்றுதானே நீங்கள் கேட்டீர்கள்? அதைக்கூட நான் செய்யவில்லையே, மதினி.

நீங்கள் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே என்னிடம் வந்திருக்காது. அவளிடம் ஏதாவது ஒன்றைச் சொல்லியிருப்பீர்கள். தப்போ சரியோ, உடனே சொல்லியிருப்பீர்கள். தப்பாகப் போனால், "ஆமா, நாந்தான் சொன்னேன், அதுக்கென்ன இப்ப?" என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றிருப்பீர்கள். அவளுக்கு இப்போது வேண்டியது சரியான பதில்கூட இல்லை என்று தோன்றுகிறது. பின்னால் சண்டை போடுவதற்காவது ஓர் ஆள் வேண்டும்.

எங்கள் ஊர்ப் பத்திரிகைக்காரர் இதை வாங்கிப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். அச்சில் வருவதற்குள் அந்த வெள்ளிக்கிழமை போயிருக்கும். கல்லூரியில் இதைப் படிப்பார்கள், அத்தை கோட்டா என்று சிரித்தவரும் படிப்பார். படிக்கட்டும்.

நாளைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். காலையில் ராமேஸ்வரம் போகிறேன். அந்தக் கடிதத்தை விட்டுவிடு, மதுரைக்குப் போகலாம் என்று அவளிடம் சொல்லப்போகிறேன். ஏன் அப்படி நினைக்கிறேன் என்பதையும், எனக்கு இருக்கும் பயத்தையும் சேர்த்தே சொல்வேன். மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. சரி என்று சொன்னால் அவள் பெயரை என் கையால் அனுப்பிவிட்டு, மதுரைக்கு அவளோடு நானும் பஸ் ஏறுவேன். அங்கே யார் கேட்டாலும் என் அண்ணன் மகள் என்று சொல்வேன். கிடைக்காமல் போனால், அல்லது விட்ட கம்பெனி மறுநாளே கூப்பிட்டால், விதி, காலம், கம்பெனி என்று எதையும் சொல்ல மாட்டேன். சொன்னது நான்தான் என்று அவள் முன்னால் போய் நிற்பேன். அவள் என்னைத் திட்டட்டும். மேடம் என்று சொல்லித் திட்டினாலும் கேட்டுக்கொள்வேன். அந்த மேசையிலிருந்து அவள் எழுந்து போகிறவரை அவள் பக்கத்தை விட்டு நகர மாட்டேன். உங்களுக்கு இது என் வாக்கு, மதினி.

உங்கள் வீட்டுக்காரரின் தங்கச்சி,
உங்கள் மகளுக்கு அத்தை,
தமிழ்ச்செல்வி